ஒரு சாண் பாவு

"குறையே இல்லாத ஒரு கம்பளம் நெய்யணும். சொல்லிக் கொடுங்க, உஸ்தாத்."

சனோபர் கம்பளி நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை நாள்ல?"

"நாற்பது நாள். அதுல மூணு போயிடுச்சு."

"வேற யாரையாவது பாரு, அக்கா."

பரீஜான் நகரவில்லை. காலையிலிருந்து மலை ஏறி வந்திருந்தாள். உட்காரச் சொன்னால்தான் உட்காரலாம். சனோபர் சொல்லவில்லை.

இவர்கள் ஜாக்ரோஸ் மலையில் மந்தை மேய்ப்பவர்கள். கோடைக்கு மேலே ஏறுவார்கள், குளிருக்குக் கீழே இறங்குவார்கள். கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரம்தான் வீடு. பெண்பிள்ளைகள் பேசக் கற்கும் வயதிலேயே கம்பளத்துக்கு முடிச்சுப் போடவும் கற்றுவிடுவார்கள். பரீஜானும் முப்பத்தைந்து வருஷமாக நெய்கிறவள்தான். அவள் கம்பளத்தின் மேல் மனிதர்கள் படுத்தார்கள், சில சமயம் ஆட்டுக்குட்டிகளும் படுத்தன. யாரும் குறை சொன்னதில்லை. யாரும் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

உஸ்தாத் என்றால் குரு. சனோபர் என்கிற இந்தக் குரு பரீஜானைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மந்தை மேய்க்கிற மூன்று கூட்டத்திலும் அவள் கைக்கு ஈடு கிடையாது, ஒரே ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியிடம்தான் சனோபர் தொழில் கற்றாள். அவள் பெயர் கௌஹர்.

கம்பளம் போகவேண்டியது அந்தக் கௌஹரின் வாசலுக்குத்தான்.

"தள்ளினது உன் தம்பியா?" என்றாள் சனோபர்.

"ஆமாம்."

கல்வாய் ஊற்றில் நடந்தது அது. பரீஜானின் தம்பி நாம்தார் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கௌஹரின் கடைசி மகன் அயாஸ் தண்ணீர் எடுக்கத் தோற்பையோடு வந்தான். ஆடுகள் தண்ணீரைக் கலக்கிவிட்டன என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக இன்னொரு வார்த்தை. நாம்தார் இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளினான். பின்னால் பாறை இருந்தது.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வயசுப் பையன் போய்விட்டான்.

நடுவில் நின்றது சனோபரின் கூட்டம். அதன் வெண்தாடிப் பெரியவர்கள் நாம்தாரைத் தங்கள் கூடாரத்தில் கணுக்காலில் கயிறு போட்டு வைத்திருந்தார்கள். வழக்கப்படி தீர்ப்பும் சொல்லியிருந்தார்கள். தள்ளியவன் வீட்டுப் பெண் நாற்பது துக்க நாட்களுக்குள் ஒரு கம்பளம் நெய்ய வேண்டும். அவள் கை மட்டுமே படவேண்டும். நாற்பதாம் நாள் அதைச் செத்தவனின் தாய் வாசலில் விரிக்க வேண்டும். தாய் அதன் மேல் உட்கார்ந்தால் ரத்தப் பழி தீர்ந்தது. கவிழ்த்துப் போட்டால் நாம்தாரின் கயிறு அயாஸின் அண்ணன் தாராப் கைக்குப் போகும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பெரியவர்கள் பார்க்க மாட்டார்கள்.

"உஸ்தாத், கௌஹரம்மா கண்ணை மூடிக்கிட்டு கம்பளத்தைத் தடவினாலே இது இன்னார் கைன்னு சொல்லிடுவாங்களாம். ஒரு முடிச்சு தப்பினாலும் தெரிஞ்சுடுமாம்."

"தெரியும்."

"அவங்க குறை சொல்ல முடியாதபடி ஒண்ணு வேணும். அம்மா செத்தப்புறம் நாம்தாரை முதுகுல கட்டிக்கிட்டு வளர்த்தவ நான். எனக்கு வேற யாரும் இல்ல."

சனோபர் நூல் உருண்டையைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம் கௌஹர்கிட்ட இருந்தேன். ஒரு நாள் கூட நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல. குறை சொல்ல முடியாத கம்பளத்தை அவங்க இன்னும் பார்க்கல, அக்கா. அவங்க நெய்ததையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அப்படின்னா என் தம்பி செத்தான்."

"தறியைக் கொண்டு வந்திருக்கியா?"

"கழுதை மேல இருக்கு."

"என் கூடாரத்துக்கு வெளியே போடு. நான் அதைத் தொடமாட்டேன். ஞாபகம் வெச்சுக்க."

*

அவர்களுடைய தறி தரையில் கிடக்கும். நாலு முளை அடித்து, இரண்டு கட்டையை இழுத்துக் கட்டி, நடுவே நீளவாக்கில் பாவு நூலை ஓட்டினால் தறி. அகலம் மூன்று முழம். நெய்கிறவள் நெய்து முடித்த பகுதியின் மேலேயே காலை மடித்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே போவாள்.

பரீஜான் பாவை இழுத்துக் கட்டினாள். இன்னும் இழுத்தாள். முளை முனகியது.

"போதும்," என்றாள் சனோபர்.

"தளர்ந்திருந்தா வரிசை கோணிடும்."

"உன் கழுத்து நரம்பைத் தொட்டுப் பாரு. அதுவும் இப்படித்தான் இருக்கு. ரெண்டுல ஒண்ணையாவது தளர்த்து."

பரீஜான் இரண்டையும் தளர்த்தவில்லை.

"என்ன உருவம் போடட்டும்?"

"உனக்கு என்ன தெரியும்?"

"ஆடு தெரியும். கூடாரம், நாய், மலை."

"அதைப் போடு."

"கௌஹரம்மாவுக்கு இதெல்லாம் போதுமா?"

"உனக்கு மயில் தெரியுமா?"

"பார்த்ததே இல்ல."

"அப்போ மயிலைப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும்."

கம்பளத்தின் தரைக்குச் சிவப்பு. பரீஜானிடம் ஐந்து பெரிய உருண்டைகள் இருந்தன. கோடை ஆரம்பத்தில் மஞ்சிட்டி வேரைக் கல்வாய் ஊற்றுத் தண்ணீரில் காய்ச்சிப் போட்ட சாயம் அது. அந்தத் தண்ணீரில் மட்டும்தான் அந்தச் சிவப்பு வரும். மூன்று கூட்டத்துப் பெண்களும் சாயத்துக்கு அங்கேதான் போவார்கள். இப்போது போவதில்லை. தாராப் அங்கே துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். நாம்தார் வீட்டு ஆள் யார் வந்தாலும் நாற்பது நாள் வரைக்கும் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

முதல் முடிச்சுப் போடும் முன் பரீஜான் கெஞ்சினாள்.

"நெய்யக்கூட வேணாம். சும்மா வந்து பக்கத்துல உட்காருங்க, உஸ்தாத். தைரியமா இருக்கும்."

சனோபர் தறிக்கு வெளியே மண்ணில் குந்தினாள்.

"அது எனக்குப் போட்ட இடம் இல்ல."

*

பரீஜான் பகல் முழுக்க நெய்தாள். விரல் நுனி வெடித்து ரத்தம் கசிந்தது. நூலில் படாமல் துணி சுற்றிக்கொண்டாள்.

சனோபர் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்ப்பாள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், ரொட்டி சுடுவாள், மெல்லும் பிசினை வாயில் அதக்கிக்கொண்டு வெயிலில் சாய்ந்துகிடப்பாள். பரீஜானுக்கு எரிச்சலாக வந்தது. உயிர் போகிற அவசரம் தனக்கு, உஸ்தாத்துக்கோ பிசின் மெல்லுகிற வேலை.

பத்தாம் நாள் தம்பிக்கு ரொட்டி கொண்டுபோனாள். நாம்தார் கூடாரக் கம்பத்தில் சாய்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. ரொட்டியைத் தொடவில்லை.

"அக்கா, அவன் விழுந்தப்புறமும் தோற்பையை விடல. கையிலயே பிடிச்சிருந்தான்."

"அதைப் பேசாதே."

"நான் வேணும்னு பண்ணல."

"தெரியும். சாப்பிடு."

"கம்பளம் முடியுமா?"

"முடியும்."

திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தாள். அன்று போட்ட முடிச்செல்லாம் கல்லாய் இறுகிவிட்டன. மூன்று விரல் அகலத்துக்குக் கம்பளம் உள்வாங்கிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பிரிக்க நேரமில்லை. அழுதுகொண்டே மேலே நெய்தாள்.

இருபதாம் நாள் பாதி தாண்டியிருந்தது.

"குறை இருக்கா, உஸ்தாத்? உள்ளதைச் சொல்லுங்க."

சனோபர் எழுந்து தறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஆடுகளைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். கூடாரத்துக்கு முன்னால் கம்போடு நிற்கிற ஆளைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நாம்தார்."

"அந்தப் பக்கம்?"

"நான்."

"ஓர் ஆள் குறையுது," என்று சொல்லிவிட்டுச் சனோபர் ஆட்டைக் கறக்கப் போய்விட்டாள்.

பரீஜான் எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

"அவனை எப்படிப் போடறது? அந்தத் தாய் பார்த்தா நெஞ்சு வெடிச்சுடாதா? தாராப் பார்த்தா அங்கேயே சுட்டுடுவான்!"

பால் பாத்திரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உஸ்தாத்!"

"குறை இருக்கான்னு நீதானே கேட்டே?"

*

மூன்று நாள் அயாஸைப் போடாமல் மலையையும் ஆட்டையும் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திநாலாம் நாள், கைக்கு வேறு எதுவும் வரவில்லை. இரண்டு பாதங்களை ஆரம்பித்தாள்.

சனோபர் வந்து நின்றாள். முதல்முறையாகத் தானாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவனைச் சுத்தி யாரையும் நிறுத்தாதே. ஆடுகூட வேணாம். தனியா நிக்கட்டும்."

"வெறும் சிவப்பா விடணுமா?"

"விடு."

இருபத்தெட்டாம் நாள் பனி விழுந்தது. பத்து நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டது பனி. மூன்று கூட்டமும் கூடாரம் பிரித்துக் கீழே இறங்கத் தொடங்கின.

பரீஜான் தறியின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"முளையைப் பிடுங்கக் கூடாது! திரும்ப அடிச்சா அதே இழுப்பு வராது. கோணிப்போகும்!"

"கோணும்," என்றாள் சனோபர்.

"அப்போ நான் இங்கேயே இருக்கேன்."

"இரு. பன்னிரண்டு நாள் கழிச்சு நீயும் தறியும் பனிக்கு அடியில் நேரா இருப்பீங்க."

பரீஜான் முளைகளைத் தன் கையாலேயே பிடுங்கினாள். நெய்தது, நெய்யாதது எல்லாவற்றையும் கட்டையோடு சுருட்டிக் கழுதையில் ஏற்றினாள். கீழே ஓடைக்கரையில் மறுபடி அடித்தபோது இடது பக்கம் அரைச் சாண் இழுத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு தட்டியும் நேராகவில்லை.

அவள் கம்பளத்தின் மேல் முகம் புதைத்துக் கிடந்தாள். சனோபர் அவளை எழுப்பவில்லை. வேறு யாரையும் எழுப்ப விடவும் இல்லை.

*

முப்பத்தாறாம் நாள் சிவப்பு தீர்ந்தது.

அயாஸுக்குக் கால் வந்துவிட்டது, இடுப்பு வந்துவிட்டது, தோற்பை பிடித்த கை வந்துவிட்டது. தோளும் கழுத்தும் ஆகிவிட்டன. இன்னும் ஒரு சாண் பாவு வெறுமனே கிடந்தது. தலை மட்டும்தான் பாக்கி. தலைக்குக் கறுப்பு இருந்தது. சுற்றிலும் போடச் சிவப்பு இல்லை. சிவப்பில்லாமல் ஒரு வரிசைகூட முடியாது.

பரீஜான் ஓடைத் தண்ணீரில் மஞ்சிட்டி காய்ச்சினாள். பழைய செங்கல் மாதிரி வந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு வரிசை போட்டாள். அயாஸின் கழுத்துக்கு மேலே அது அழுக்காகத் தெரிந்தது. விரல் வலிக்க வலிக்க அத்தனையையும் பிரித்து எறிந்தாள்.

"நீங்கதான் அவனைச் சுத்தி வெறும் சிவப்பா விடச் சொன்னீங்க," என்று சனோபரைப் பார்த்துக் கத்தினாள். "ஆடு போட்டிருந்தா சிவப்பு மிஞ்சியிருக்கும்!"

"மிஞ்சியிருக்கும்."

"இப்ப நான் என்ன பண்ண?"



மறுநாள் விடிந்ததும் பரீஜான் தோற்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கல்வாய் ஊற்று அரை நாள் ஏற்றம். ஒரு பை தண்ணீர் போதும். ஒரு நாளில் சாயம், ஒரு நாளில் நெசவு.

சனோபர் பாதையில் நின்றாள்.

"தாராப் இன்னும் அங்கேதான் இருக்கான்."

"இருக்கட்டும்."

"சுடுவான்."

"சுடட்டும்! என் தம்பிக்கு முன்னாடி நான் போறேன். வழி விடுங்க."

சனோபர் வழி விட்டாள். பரீஜான் அவளைத் தாண்டி நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். முதுகில் சரக்கென்று ஒரு சத்தம். திரும்பினாள். முடிச்சு அறுக்கிற வளைந்த கத்தி சனோபர் கையில் இருந்தது. தோற்பை மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்கியது.

பரீஜான் உஸ்தாத்தை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். பாதியில் கை நின்றது.

"என் தம்பி சாகணுமா உங்களுக்கு?"

"ஒரு பை தண்ணிக்காக ஏற்கனவே ஒருத்தன் போயிட்டான்," என்றாள் சனோபர். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

*

முப்பத்தொன்பதாம் நாள் பரீஜான் அதே கத்தியைக் கேட்டு வாங்கினாள்.

"வெட்டி எடுத்துடறேன். இருக்கிறது போதும். ஓரத்தை மடிச்சுக் கட்டிட்டா முழுக் கம்பளம் மாதிரியே இருக்கும்."

"வெட்டு."

பாவு நூலில் கத்தியை வைத்தாள். கத்தி நின்ற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே அயாஸின் கழுத்து இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கத்தியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். எங்கே வைத்தாலும் அங்கேதான் போய் நின்றது.

பிறகு கத்தியைத் தரையில் வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை வேணாம்," என்றாள்.

சனோபர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அப்படிப் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலையில முளையைப் பிடுங்கு, அக்கா. தறியோட போவோம்."

*

கௌஹரின் கூடாரத்துக்கு முன்னால் அறுபது, எழுபது பேர் நின்றார்கள். வெண்தாடிப் பெரியவர்கள் மூன்று பேர் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நாம்தார் அவர்கள் காலடியில் கயிற்றோடு குந்தியிருந்தான். தாராப் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்திருந்தான்.

பரீஜான் மண்ணில் முளை அடித்தாள். சுத்தியல் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முதல் முளை. இரண்டாவது. கூட்டத்தில் யாரோ, "இது என்ன கூத்து?" என்று கேட்டார்கள். நாலாவது முளையும் இறங்கியது. பரீஜான் சுருட்டிய கம்பளத்தை விரித்துப் பாவை இழுத்துக் கட்டினாள்.

"முடிக்காத கம்பளம்!" என்றான் தாராப். "எங்க வாசல்ல முடிக்காததைக் கொண்டு வந்து போடறா! பார்த்துக்கிட்டு இருக்கீங்களே!"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முடிக்காததை விரிப்பதற்கு வழக்கம் இல்லை. முடிக்காததை விரிக்கக் கூடாது என்றும் வழக்கம் இல்லை.

கௌஹர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள்.

ஒடிசலான உடம்பு. நாற்பது நாளாகத் தலை வாரவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தறிக்குப் போய் ஓரமாக மண்ணில் மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கம்பளத்தின் விளிம்பில் விரலை ஓட்டினாள்.



விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த இடத்துல தம்பியைப் பார்த்துட்டு வந்திருக்கே."

"ஆமாம்மா."

"முடிச்சு கல்லா இருக்கு."

"ஆமாம்மா."

விரல் மேலே போனது. மறுபடி நின்றது.

"இங்கே கூடாரம் மாறியிருக்கு. அரைச் சாண் கோணல்."

"என்னால நேராக்க முடியலம்மா."

"யாராலயும் முடியாது." விரல் இன்னும் போனது. "இதென்ன, இங்கேயிருந்து வெறும் சிவப்பு? யார் நிக்கிறது?"

கௌஹர் கண்ணைத் திறந்தாள்.

கால் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. கையில் தோற்பை தெரிந்தது. கழுத்துக்கு மேலே வெறும் நூல்.

"அயாஸ்," என்றாள் பரீஜான்.

தாராப் துப்பாக்கியின் குதிரையை இழுக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நாம்தார் தலையைக் குனிந்துகொண்டான்.

கௌஹர் திரும்பவில்லை. அவள் சனோபரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இது உன் வேலைதானேடி?"

"நான் ஒரு முடிச்சும் போடல, உஸ்தாத்."

"ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் கௌஹர்.

பரீஜான் பதில் சொன்னாள். "சிவப்பு தீர்ந்துடுச்சும்மா. கல்வாய்த் தண்ணி கிடைக்கல. அதோட... அவர் தலையில என்ன போட்டிருப்பார்னு எனக்குத் தெரியல. தொப்பியா, துண்டான்னு. நான் சரியாப் பார்த்ததில்ல."

கௌஹர் வெறும் பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் போடமாட்டான்," என்றாள். "வெயில்ல வெறுந்தலையோடதான் திரிவான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்க மாட்டான்."

கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள்.

"அன்னைக்குக் காலையில ஒரு பை கொண்டு வந்தான். சாயத்துக்குப் போதல, இன்னொண்ணு கொண்டு வாடான்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்." கௌஹரின் குரல் உடைந்தது. "நான்தான் அனுப்பினேன்."



கௌஹர் தறியோடு வந்திருந்த கறுப்பு நூல் உருண்டையைக் கையில் எடுத்தாள். மண்ணில் மண்டியிட்டபடியே ஓரத்திலிருந்து குனிந்து நடுவிலிருந்த பாவு நூலை எட்ட முயன்றாள். ஒரு கை எட்டியது. முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும். இன்னொரு கை எட்டவில்லை. மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கிருந்தும் எட்டவில்லை. மேல்கட்டைப் பக்கமிருந்து போட்டால் முடிச்சு தலைகீழாகும்.

"தலையில்லாம விட்டுட்டு வந்திருக்காளுங்க," என்று முணுமுணுத்தாள். "புத்தி இருக்கா?"

எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா!" என்று தாராப் கத்தினான். "வேணாம்! அதுமேல கால வைக்காதே!"

கௌஹர் ஆடுகளின் மேல் நடந்து, நாயின் மேல் நடந்து, அந்த வெறும் சிவப்புக்குப் போய்க் காலை மடித்து உட்கார்ந்தாள். கறுப்பு நூலைப் பாவில் கோத்து இழுத்தாள். கழுத்துக்கு மேலே ஒரு முடிச்சு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தாராப்."

அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான்.

"உள்ளே என் பையில சிவப்பு உருண்டை இருக்கு. உன் தம்பி முதல்ல கொண்டு வந்த தண்ணியில போட்டது. எடுத்துட்டு வா."

தாராப் துப்பாக்கியோடு அப்படியே நின்றான்.

கௌஹர் நிமிரவில்லை. அடுத்த முடிச்சுக்கு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழே வெச்சுட்டுப் போ. ரெண்டு கையாலயும் கொண்டு வரணும். மண்ணுல விழுந்துடப் போகுது."